யூ இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா? இந்திய அலுவலகத்துக்கு ஏற்ற ஆங்கில எழுத்துக்கூட்டல்

இந்தியாவில் ஓர் அலுவலகம் எந்த நாட்டு எழுத்துக்கூட்டலில் ஆங்கிலம் எழுத வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்ட் முடிவு செய்துவிடுகிறது. கணினியை முதன்முதலில் இயக்கியவர் தொடாமல் விட்ட 'இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்' அப்படியே கிடக்கும். 'கலர்' என்பதை யூ போட்டு எழுதினால் சிவப்புக் கோடு விழும். புதிதாகச் சேர்ந்தவர் யூவை எடுப்பார், மேலாளர் திரும்பச் சேர்ப்பார். கடைசியில் ஒரே அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் 'சென்டர்' ஆர்-இ என்று முடியும், ஒன்பதாம் பக்கத்தில் இ-ஆர் என்று முடியும்.

கண்ணுக்கு உறுத்துகிறது என்பதோடு இது நிற்பதில்லை. தேடினால் சிக்காத கோப்பு, சட்டத்தின் பெயரையே 'திருத்தி'விட்ட ஒப்பந்தம், நாளும் மாதமும் இடம் மாறிய எக்செல் தாள் எல்லாம் இதே வேரிலிருந்து வருபவைதான். தேர்ந்தெடுக்க நான்கு வழிகள் இருக்கின்றன: 'ஆர்கனைஸ்' போன்ற சொற்களில் எஸ் போடும் வழக்கமான பிரிட்டிஷ் முறை, அதே இடத்தில் இசட் போடும் ஆக்ஸ்ஃபோர்டு முறை, முழு அமெரிக்க முறை, கனடாவும் ஆஸ்திரேலியாவும் செய்ததுபோல எழுதிவைத்த கலப்பு முறை.

பிளவு எங்கே தொடங்கியது

சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதிக்குப் பிறகு பிரிட்டனில் எழுத்துக்கூட்டல் ஏறக்குறைய உறைந்துவிட்டது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806இல் ஒரு சிறிய அகராதியையும் 1828இல் பெரிய அகராதியையும் கொண்டுவந்தார். 'ஹானர்', 'கலர்' சொற்களில் யூ போனது. 'தியேட்டர்', 'சென்டர்' இ-ஆர் என்று முடிந்தன. 'டிஃபென்ஸ்' சொல்லில் சி எழுத்துக்குப் பதில் எஸ் வந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் அமெரிக்கர்கள் ஏற்கவில்லை. நாக்கைக் குறிக்கும் சொல்லை டி-யூ-என்-ஜி என்று எழுதச் சொன்ன யோசனை அங்கேயே செத்தது.

பிரிட்டனின் காலனிகளில் பள்ளிக்கூடம், நீதிமன்றம், அரசிதழ், தேர்வுத்தாள் எல்லாம் லண்டன் வழக்கில் ஓடின. 1898 முதல் அமெரிக்காவின் பிடியில் இருந்த பிலிப்பைன்ஸ் மட்டும் ஆசியாவின் இந்தப் பக்கத்தில் வேறு பாதையில் போனது. இந்தியாவுக்குள் அமெரிக்க ஆங்கிலம் பின்னாளில், பக்கவாசல்கள் வழியாக வந்தது. கான்பூர் ஐஐடிக்கு 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உதவியது. செமஸ்டர், கிரெடிட், கிரேடு பாயின்ட் போன்ற அமெரிக்கக் கல்லூரிச் சொற்கள் இன்று நம் பொறியியல் கல்லூரிகளின் அன்றாடப் பேச்சு. அடுத்து மென்பொருளும், அதற்கடுத்து அமெரிக்க வாடிக்கையாளருக்கான கால்சென்டரும் வந்தன.

இதனால் இன்றைய நிலை இப்படி: நம் சட்டத்தில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் உட்கார்ந்திருக்கிறது, நம் இயந்திரத்தில் அமெரிக்கன் உட்கார்ந்திருக்கிறது. கௌரவத்தையோ காலனிய நினைவையோ வைத்து முடிவெடுப்பதைவிட, எழுதும் தாள் இந்த இரண்டில் எதன் கைக்குப் போகப்போகிறது என்று பார்த்து எடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எஸ் போடும் பிரிட்டிஷ் முறை

இந்தியாவுக்குள்ளேயே சுற்றும் தாளுக்கு இதுதான் இயல்பான தேர்வு. அரசியலமைப்பின் 40ஆம் பிரிவின் தலைப்பில் உள்ள 'ஆர்கனைசேஷன்' எஸ் உடையது. 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டமும் அப்படியே. இஸ்ரோ, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ இரண்டின் விரிவிலும் எஸ்தான். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் பெயரில் 'லேபர்' யூவோடு இருந்தது. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் காசோலை க்யூ-யூ-இ என்று முடியும் 'செக்'. ஆதார் பதிவில் வரும் 'என்ரோல்மென்ட்' ஒற்றை எல். வங்கிக்கணக்கை உறுதிப்படுத்த எந்த மனிதவளத் துறையும் கேட்கும் 'கேன்சல்டு செக்' இரட்டை எல். இப்படிப்பட்ட பெயர்களை மேற்கோள் காட்டாமல் ஒரு இந்திய அலுவலகம் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. சட்டப் பெயரும் ஆவணத்தின் மற்ற எழுத்தும் ஒரே முறையில் இருந்தால் கவனிக்க வேண்டிய இடங்கள் குறைகின்றன.

இதில் வழுக்கும் இடங்கள் நான்கு. முதலாவது 'லைசென்ஸ்', 'ப்ராக்டிஸ்'. பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். 'அட்வைஸ்' சொல்லில் இந்த வேறுபாடு காதிலேயே கேட்கும் என்பதால், சந்தேகம் வந்தால் அதை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓட்டுநர் உரிமம் சி. உரிமம் வழங்கு என்னும் வினை எஸ்.

இரண்டாவது 'மீட்டர்'. நீள அலகு ஆர்-இ, அளக்கும் கருவி இ-ஆர். இந்த விதியை அரைகுறையாகக் கேட்டவர்கள் 'பாராமீட்டர்', 'டயாமீட்டர்', 'தெர்மாமீட்டர்' எல்லாவற்றையும் ஆர்-இ என்று முடிக்கிறார்கள். உலகத்தில் எந்த முறையிலும் அவை இ-ஆர்தான்.

மூன்றாவது யூவைத் தாராளமாக வாரி இறைப்பது. 'ஹானர்' யூவோடு இருந்தாலும் 'ஹானரரி', 'ஹானரேரியம்' யூ இல்லாதவை. 'ஹ்யூமரஸ்', 'விகரஸ்', 'கிளாமரஸ்' மூன்றும் அப்படியே. சங்கங்களின் பெயர்ப்பலகையில் 'கௌரவச் செயலாளர்' யூவோடு நிற்பது அதிகப்படியான பிரிட்டிஷ் பற்றுதானே தவிர பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் அல்ல.

நான்காவது, அமெரிக்கன் என்று தவறாகச் சந்தேகிக்கப்படும் சொற்கள். நீதிமன்றத் தீர்ப்பைக் குறிக்கும் 'ஜட்ஜ்மென்ட்' நடுவில் இ இல்லாமல் எழுதப்படுவது பிரிட்டிஷ் சட்ட வழக்கும்கூட. கணினி நிரலைக் குறிக்கும் 'புரோகிராம்' பிரிட்டனிலும் ஒற்றை எம்தான். விழாவும் அரசுத் திட்டமும் மட்டும் எம்-எம்-இ.

இசட் போடும் ஆக்ஸ்ஃபோர்டு முறை

'ஆர்கனைஸ்' இசட் போட்டால் அமெரிக்கன் என்று நினைப்பவர்களே அதிகம். அது பிழை. கிரேக்க விகுதியிலிருந்து வந்த வடிவம் என்ற காரணத்தைச் சொல்லி, 1884இல் வெளிவரத் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இசட்டையே முதன்மையாகக் கொண்டது. லண்டனின் டைம்ஸ் நாளிதழ்கூட 1990களின் தொடக்கம் வரை இசட் போட்டுத்தான் எழுதியது.

இந்த முறையை ஒரே பெயரில் பார்க்க வேண்டுமானால் ஜெனீவாவில் உள்ள சர்வதேச தொழிலாளர் அமைப்பின் பெயர்ப்பலகை போதும்: 'லேபர்' யூவோடு, 'ஆர்கனைசேஷன்' இசட்டோடு. ஐக்கிய நாடுகள் குடும்பத்தில் பெரும்பாலும் இந்த வழக்குதான். உலக சுகாதார அமைப்பு தன் பெயரில் இசட் வைத்துக்கொண்டு இரத்தசோகையை ஏ-இ சேர்ந்த பிரிட்டிஷ் 'அனீமியா'வாக எழுதும். ஐஎஸ்ஓ தரநிலைகளும் நேச்சர் அறிவியல் இதழும் இதே பக்கம். ஐநா நிதியில் இயங்கும் திட்டத்துக்கு அறிக்கை எழுதுபவர்களுக்கு இதில் தேர்வே இல்லை.

மற்றவர்களுக்கு? நான்கில் இதுதான் மிகவும் படித்த முறை. நடைமுறையில் மிகவும் தொல்லை தருவதும் இதுவே. 'அட்வர்டைஸ்', 'எக்ஸர்சைஸ்', 'சூப்பர்வைஸ்', 'ரிவைஸ்', 'காம்ப்ரமைஸ்', 'சர்ப்ரைஸ்', 'ஃப்ராஞ்சைஸ்', 'என்டர்பிரைஸ்' போன்ற சொற்களில் அந்தக் கிரேக்க விகுதியே இல்லை. ஆகவே அவை எப்போதும் எஸ். 'அனலைஸ்', 'பாரலைஸ்' வேறு வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை என்பதால் அவையும் எஸ். இந்தப் பட்டியல் பிழைதிருத்துபவரின் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு மேல், வேர்டின் பிரிட்டிஷ் சொல்திருத்தி எஸ், இசட் இரண்டையும் ஏற்கும் என்பதால் கலந்து எழுதினால் சிவப்புக் கோடு விழாது. இந்திய வாசகரோ, யூவும் இசட்டும் ஒரே வரியில் வந்தால் எழுதியவருக்குக் கவனமில்லை என்றே நினைப்பார். பல்கலைக்கழகப் பதிப்பகமோ ஐநா கூட்டாளியோ இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

முழு அமெரிக்க முறை

வாடிக்கையாளர் அமெரிக்கர் என்றாலோ, மின், மின்னணுப் பொறியாளர் சங்கமான ஐஇஇஇயின் இதழுக்குக் கட்டுரை அனுப்பினாலோ, விமானத் துறைக்கான எளிய தொழில்நுட்ப ஆங்கிலத் தரமான ஏஎஸ்டி-எஸ்டிஇ100 படி பராமரிப்புக் கையேடு எழுதினாலோ இதுதான் வழி. மென்பொருளில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் நிறத்துக்கான பண்பு யூ இல்லாத 'கலர்'. யூ சேர்த்தால் உலாவி அந்த வரியைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். சாம்பல் நிறத்துக்கு மட்டும் ஏ, இ இரண்டு வடிவங்களையும் அது ஏற்கும், யாருடைய கருணையோ தெரியவில்லை. உலாவியும் இணையதளமும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியில் 'ரெஃபரர்' என்னும் தலைப்புப் புலம் ஓர் ஆர் குறைந்த எழுத்துப்பிழையோடு 1990களில் தரநிலைக்குள் நுழைந்து அப்படியே நிலைத்துவிட்டது. நிரலில் உள்ள பெயர் மொழிக்குச் சொந்தமில்லை, நெறிமுறைக்குச் சொந்தம். ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுத்த அலுவலகமும் நிரலுக்குள் மாறிகள், தரவுத்தளப் புலங்கள், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐ பெயர்கள் எல்லாவற்றையும் அமெரிக்க முறையில் வைத்துவிடுவது நல்லது. ஒரு அட்டவணையில் யூவோடும் இன்னொன்றில் யூ இல்லாமலும் நிறப் புலத்துக்குப் பெயர் வைத்துவிட்டால், இணைப்பு எழுதும் ஒவ்வொருவரும் அதில் தடுக்கி விழுவார்கள். திரையில் பயனர் படிக்கும் வாசகம் வேறு விஷயம். அதை மொழிக்கோப்பில் தனியாக வைத்து, இந்தியப் பயனருக்கு பிரிட்டிஷ் வடிவத்தைக் காட்டலாம்.

அமெரிக்க முறைக்கு மாறும்போது உடையும் முதல் பொருள் இடப்பெயரும் சட்டப்பெயரும். 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்தியவர்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் பெயரில் எஸ்ஸைப் போட்டுவிடுகிறார்கள். விகுதியை மட்டும் குறிவைத்து மாற்றினால் இன்னும் மோசம். ஓ-யூ-ஆர் என்பதை ஓ-ஆர் ஆக்கினால் 'ஃபோர்' என்னும் நான்கு 'ஃபார்' ஆகிவிடும், மணிநேரமும் 'உங்கள்' என்பதும் உருக்குலையும். ஐ-எஸ்-இ என்பதை ஐ-இசட்-இ ஆக்கினால் 'ப்ராமிஸ்', 'நாய்ஸ்' வரை நாறும். முழுச் சொல்லாக, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

இரண்டாவது இழப்பு சில நுட்பங்கள். அமெரிக்க முறையில் நீள அலகும் கருவியும் ஒரே 'மீட்டர்'. மாடிக்கட்டடத்தின் தளமும் கதையும் ஒரே 'ஸ்டோரி'. காசோலையும் சரிபார்த்தலும் ஒரே 'செக்'. மின்கட்டண மென்பொருளில் 'மீட்டர்' என்ற தலைப்பில் கருவி எண்ணும் கம்பி நீளமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் எது எது என்று கேட்பார்கள். வங்கி மென்பொருளில் 'செக் ஸ்டேட்டஸ்' என்ற பொத்தான் நிலையைப் பார்க்கச் சொல்கிறதா, காசோலையின் நிலையைக் காட்டுகிறதா என்பது அமெரிக்க எழுத்தில் தெரியாது.

கனடா செய்தது, ஆஸ்திரேலியா செய்தது

கலந்து எழுதுவதே தவறு என்பவர்கள் கனடாவைப் பார்க்க வேண்டும். 'கலர்', 'சென்டர்', காசோலை 'செக்' பிரிட்டிஷ் வடிவம். 'டயர்', நடைபாதை ஓரக்கல்லான 'கெர்ப்', 'அலுமினம்', 'அனலைஸ்', 'ஆர்கனைஸ்' அமெரிக்க வடிவம். 1890இலேயே பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டின் அரசு ஆவணங்களில் யூவைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. நாளிதழ்களுக்கு வழிகாட்டும் கனடியன் பிரஸ் நிறுவனம் மட்டும் நெடுங்காலம் யூ இல்லாமல் ஓட்டி, 1998இல்தான் அரசு வழிக்கு வந்தது. அதே ஆண்டு கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் வந்தது.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கே எஸ் கெட்டியாக இருக்கிறது, யூவும் இருக்கிறது. ஆனால் 1912இலிருந்து லேபர் கட்சியின் பெயரில் மட்டும் யூ கிடையாது. தெற்கு ஆஸ்திரேலியாவின் விக்டர் ஹார்பர் ஊர்ப்பெயரிலும் யூ இல்லை. அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் இருக்கிறது. அரசு எழுத்து வழிகாட்டி 'புரோகிராம்' என்பதை எல்லா இடத்திலும் ஒற்றை எம்மாக எழுதச் சொல்கிறது. 1981இல் வெளிவந்த மக்குவாரி அகராதி இந்த நாட்டு வழக்கையெல்லாம் ஒரே இடத்தில் பதிவு செய்தது.

இரண்டு நாட்டிலும் கலப்பு எடுபட்டதற்குக் காரணம் ஒன்றே: சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க ஓர் அகராதியும் ஒரு வழிகாட்டியும் இருந்தன. இந்தியாவில் அந்த அளவுக்கு எல்லோரும் கையில் எடுக்கும் சொந்த ஆங்கில அகராதி இல்லாத நிலையில், 'இந்தியக் கலப்பு' என்று பெருமையாகச் சொல்லப்படுவது அவரவர் கை போன போக்குதான். உங்கள் அலுவலகத்தில் ஐம்பது சொல்லுக்கான பட்டியலை எழுதி, அதைக் காக்க ஒருவரையும் நியமிக்க முடியுமென்றால் கலப்பு முறை பழுதில்லை. முடியாதென்றால் வேண்டாம்.

வேதியியலும் மருத்துவமும்

இந்த இரண்டு துறைகளுக்கும் மேலே சொன்ன நான்கு வழிகளும் பொருந்தா. கந்தகத்தை எஃப் போட்டு எழுதுவதை 1990இல் வேதியியல் பெயர்களுக்கான சர்வதேச அமைப்பான ஐயுபிஏசி ஏற்றது. 1992இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியும் ஏற்றுவிட்டது. அதே ஐயுபிஏசி அலுமினியத்தையும் சீசியத்தையும் பிரிட்டிஷ் வடிவில் வைத்துக்கொண்டது. ஆகவே பிரிட்டிஷ் முறையில் எழுதும் வேதியியல் ஆய்வேட்டில்கூட 'சல்ஃபேட்' எஃப் உடையதாக இருப்பதே இன்றைய தரம். பள்ளிப் பாடநூல் வழக்கில் பி-எச் போட்டுப் பழகிய மாணவருக்கு இதை ஒருமுறை சொல்லிவிட வேண்டும். சாம்பல் நிறத்தை எப்படி எழுதினாலும், கதிர்வீச்சு அலகான 'கிரே' எப்போதும் ஏ உடையது. அது ஓர் ஆளின் பெயர்.

மருத்துவத்தில் எழுத்து வேறுபாட்டைவிடப் பெயர் வேறுபாடு ஆபத்து. பாரசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். பெத்திடின் அங்கே மெபெரிடின். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும் பெற்றோரின் மருந்துப் பட்டியலில் இரண்டு பெயர்களையும் எழுதித் தருவது நல்ல மருத்துவமனையின் வழக்கம். தெரியாதவர் ஒரே மருந்தை இரு பெயரில் இரண்டு முறை விழுங்க வாய்ப்பு உண்டு. பாரசிட்டமாலில் அது கல்லீரலைத் தாக்கும்.

ஆய்வுக்கட்டுரை தேடுபவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தேடித்தரும் பப்மெட் தளம் பயன்படுத்தும் மெஷ் என்னும் தலைப்புச்சொற்கள் அமெரிக்க முறையில் இருக்கின்றன. பப்மெட் பெரும்பாலான பிரிட்டிஷ் வடிவங்களைத் தானே இணைத்துக்கொள்ளும். ஆனால் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடும்போது இரண்டு வடிவத்தையும் கொடுத்தே ஆகவேண்டும். இதேபோன்ற இன்னொரு தேடல் தளமான ஓவிட்டில் 'அனீமியா' எழுதும்போது அந்தக் கூடுதல் ஏ வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டால் அந்த எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடித்துக்கொடுக்கும். குழந்தை மருத்துவம், எலும்பியல் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கும் இதே உத்தி.

சொற்கள்: இது தனி முடிவு

எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சொற்களும் அதன் பின்னால் வரும் என்று நினைக்கக் கூடாது. பேச்சுத் தமிழே லாரி, லிஃப்ட், பெட்ரோல், டார்ச் என்று பிரிட்டனிலிருந்து எடுத்துக்கொண்டது. செல்போன், அப்பார்ட்மென்ட் என்று அமெரிக்கப் பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது. யாருக்கும் அதனால் வயிற்றுவலி வரவில்லை. இந்திய வாசகருக்கு எழுதும்போது இந்தியச் சொல்லே சரி. 'எலிவேட்டர்', 'கேஸ் ஸ்டேஷன்' என்று எழுதினால் நடிப்பாகத்தான் தெரியும்.

கவனம் வேண்டியது பொருள் மாறும் சொற்களில். கூட்டக் குறிப்பில் 'டேபிள்' என்று வினையாக எழுதினால் நமக்கும் பிரிட்டிஷாருக்கும் அவையில் முன்வைப்பது, அமெரிக்கருக்குத் தள்ளிவைப்பது. நேரெதிர். இரு நாட்டவர் கூட்டமென்றால் அந்தச் சொல்லே வேண்டாம். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' நமக்குத் தரைத்தளத்துக்கு மேல், அவர்களுக்குத் தரைத்தளமே. 'ஸ்கீம்' நமக்கு ஓய்வூதியத் திட்டம், அமெரிக்கக் காதுக்குச் சூழ்ச்சி வாடை அடிக்கும். 'பிளான்' என்று எழுதிவிடலாம். கல்லூரிப் படிப்பை முடித்ததை 'பாஸ்டு அவுட்' என்று சுயவிவரத்தில் எழுதினால் அங்கே மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள். 'ரிவர்ட்' என்றால் பதில் அனுப்புவது என்பது நம் அலுவலகங்களில் வேரூன்றிய வழக்கு. அங்கே பழைய நிலைக்குத் திரும்புவது. 'பேவ்மென்ட்' இன்னும் விநோதம்: பேச்சில் நமக்கு நடைபாதை, அமெரிக்கருக்குச் சாலையின் மேற்பரப்பு. ஆனால் நம் சாலைப் பொறியாளர்கள் பின்பற்றும், இந்தியச் சாலை மாநாட்டு அமைப்பின் ஐஆர்சி 37 வழிகாட்டி சாலையின் அடுக்கமைப்பைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் நடைபாதைக்கு 'ஃபுட்பாத்' என்று பிரித்து எழுதாவிட்டால் அளவுப் பட்டியலிலேயே தகராறு வரும்.

அளவுகளும் இதே கணக்கு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்க டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ, மெட்ரிக் டன் 1,000 கிலோ. நம் வீட்டு ஏசியின் '1.5 டன்' அந்த அமெரிக்க டன்தான்; அவ்வளவு எடையுள்ள பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பம், அதாவது மணிக்கு 12,000 பிடியூ (வெப்ப அலகு), ஒரு டன். பில்லியன் பற்றிப் பழைய பிரிட்டிஷ் நூல்களில் குழப்பம் உண்டு என்றாலும் 1974 முதல் பிரிட்டிஷ் அரசும் அமெரிக்கக் கணக்கையே, அதாவது 100 கோடியையே எடுத்துக்கொண்டது.

தேதியும் தாளும்

எல்லாவற்றிலும் அதிக சேதம் விளைவிப்பது இதுவே. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருக்கும்போது காற்புள்ளியால் பிரித்த தரவுள்ள சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால், 03/04/2026 என்ற ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2026 என்பதற்கு பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். பாதி தேதிகள் தவறு, மீதி தேதிகளே அல்ல. பிழைச் செய்தி ஒன்றும் வராது. பத்தி முழுதும் வலப்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில இடப்பக்கம் ஒட்டியிருந்தால் இதுதான் நோய். தீர்வு, கோப்புகளில் 2026-04-03 என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவம்; மனிதர் படிக்கும் தாளில் மாதத்தை எழுத்தில் எழுதுவது.

அமெரிக்க அமைப்பு லெட்டர் தாளையும் கூடவே கொண்டுவரும். அது 216 × 279 மில்லிமீட்டர். நம் ஏ4 210 × 297. ஏ4 உயரத்தில் 18 மில்லிமீட்டர் கூடுதல் என்பதால் தாளை மாற்றியதும் பக்கங்கள் நகர்ந்து, பொருளடக்கத்தின் பக்க எண்கள் பழையவையாகவே நின்றுவிடும். எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுக்கும் அன்றே தாளையும் தேர்ந்தெடுங்கள்.

முடிவும் அதை நிறுவும் விதமும்

இந்தியாவுக்குள் வேலை செய்யும் அலுவலகம், பள்ளி, பதிப்பகத்துக்கு எஸ் போடும் பிரிட்டிஷ் முறை. நிரலுக்குள் எல்லோருக்கும் அமெரிக்க முறை. அமெரிக்க வாடிக்கையாளருக்கான தாள் முழுதும் அமெரிக்க முறை. பாதி மரியாதைக்காக யூவை எடுத்து மீதியை விட்டுவைப்பது இரு பக்கமும் கெட்டது. ஐநா பக்கம் போகும் தாளுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு. ஆய்விதழ்களுக்கு அந்தந்த இதழின் வழிகாட்டி. பல இதழ்கள் எதுவாக இருந்தாலும் சரி, கலக்காதீர்கள் என்றே கேட்கின்றன. ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதும் மாணவர் எந்த முறையில் எழுதினாலும் ஏற்பார்கள், ஒரே முறையில் எழுதினால் போதும்.

வேர்டில் மொழி என்பது ஆவணத்துக்கு உரியதல்ல, ஒவ்வொரு எழுத்துக்கும் உரியது. வேறு இடத்திலிருந்து ஒட்டிய பத்தி தன் மொழியைக் கூடவே கொண்டுவரும். எனவே கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பட்டியில் லாங்வேஜ், அதில் 'செட் ப்ரூஃபிங் லாங்வேஜ்' போய் யுனைடெட் கிங்டம் அல்லது இந்தியா என்று வையுங்கள். அங்கே 'டிடெக்ட் லாங்வேஜ் ஆட்டோமேட்டிக்கலி' என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேர்ட் மறுபடியும் தன் இஷ்டத்துக்கு மாற்றும். கன்ட்ரோல்-ஏ அடிக்குறிப்பையும் தலைப்புப் பட்டையையும் உரைப்பெட்டியையும் தொடாது, அவற்றுக்குத் தனித்தனியே செய்ய வேண்டும். 'செட் ஆஸ் டிஃபால்ட்' அழுத்துவது புதிய ஆவணங்களுக்கு.

எஸ் முறையில் இசட் நுழைவதைப் பிடிக்க வேர்டிலேயே வழி உண்டு. ஆப்டேட்டா ரோமிங் கோப்புறைக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் யூப்ரூஃப் என்ற இடத்தில் எக்ஸ்க்ளூட் டிக்‌ஷனரி கோப்புகள் இருக்கும். பெயரில் 0809 உள்ளது பிரிட்டிஷ், 4009 இந்தியா, 0409 அமெரிக்கா. அதை நோட்பேடில் திறந்து, வேண்டாத இசட் வடிவங்களை வரிக்கொன்றாகச் சிறிய எழுத்தில் எழுதிச் சேமித்து வேர்டை மூடித் திறந்தால், அன்றிலிருந்து அவற்றுக்குச் சிவப்புக் கோடு விழும். 'இங்', 'இடி' விகுதி வடிவங்களைத் தனித்தனியே சேர்க்க வேண்டும்.

இதோடு ஒரு பக்கத்துக்கு மிகாத சொற்பட்டியல் போதும். தேர்ந்தெடுத்த அகராதி எது, மாற்றக் கூடாத சட்ட, நிறுவனப் பெயர்கள் எவை, 'புரோகிராம்', 'லைசென்ஸ்', 'மீட்டர்' ஆகியவற்றுக்கு என்ன வழக்கு, தேதி எப்படி, எண்ணில் காற்புள்ளி 12,34,567 என்றா 1,234,567 என்றா. மேற்கோளும் நூல் தலைப்பும் மூலத்தில் இருந்தபடியே.

பழைய ஆவணங்களைத் தோண்டித் திருத்த வேண்டாம். அடுத்த பதிப்பு வரும்போது முழுதாக மாற்றினால் போதும். கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பின்னிணைப்பு எழுதும்போது மட்டும், அலுவலக முறை எதுவானாலும், மூல ஒப்பந்தத்தின் எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள். அங்கே 'சென்டர்' என்று இ-ஆர் போட்டு வரையறுத்திருக்க, பின்னிணைப்பில் ஆர்-இ போட்டால் இரண்டும் ஒன்றுதானா என்று கேட்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறீர்கள்.